சகலையின் ஜெட்

கண்ணாடிக்கடைக்காரருக்கு உலகத்தில் பாதிப் பேரைப் பிடிக்காது. மீதிப் பேரை அவர் இன்னும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். கடைக்குள் வருகிறவர் எந்த ஃப்ரேமை முதலில் கையில் எடுக்கிறார் என்பதை வைத்தே ஆளை எடைபோட்டுவிடுவார். தங்க நிறத்தை எடுத்தால் பீற்றல். விளிம்பில்லாததை எடுத்தால் படித்த பீற்றல். விலையை முதலில் கேட்டால் கஞ்சன், கடைசியில் கேட்டால் ஏமாளி. இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. மூக்கின் இடது பக்கம் மட்டும் லேசாகச் சுருங்கும். அந்தச் சுருக்கத்தை முழுசாகப் படிக்கத் தெரிந்தவள் அவர் மனைவி ஒருத்திதான்.

அப்படிப்பட்டவர் மனசார நேசித்த ஒரே விஷயம் மாடல் விமானம். ஊருக்கு வெளியே யாரோ வீட்டுமனை போட்டு, தார் ரோடு எல்லாம் அடித்து, ஒரு மனைகூட விற்காமல் கைவிட்டுப் போயிருந்தார்கள். அந்த ஆளில்லாத ரோடுதான் அவருக்கு ஓடுபாதை. கட்டையும், இறக்கைமேல் ஒட்டுகிற பிலிமும் வாங்கிவந்து, கடை மூடியபிறகு உட்கார்ந்து உட்கார்ந்து அவரே கட்டிய கிளைடர் ஒன்று இருந்தது. ஆள் உயரத்தைவிட நீளமான இறக்கை. மூக்கில் ஒரு சின்ன மோட்டார், மேலே ஏற்றிவிட மட்டும். ஏறியபிறகு மோட்டாரை நிறுத்திவிட்டால் காற்றிலேயே மிதக்கும். முழுக்க வெள்ளை. விமானத்துக்குக் கோடும் பொட்டும் போடுகிறவர்கள் சர்க்கஸ் நடத்தப் போகலாம் என்பது அவர் கட்சி.

கோடைக்காலத்தில் அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. சூரியன் தலைகாட்டுகிற நேரத்தில் பறக்கவிட்டு, வெயில் ஏறுமுன் மூட்டைகட்டிவிட வேண்டும். வெயிலில் பசை இளகும், இறக்கைமேல் ஒட்டிய பிலிம் தொளதொளவென்று ஆகும், பேட்டரி சூடேறி உப்பும். உச்சிவெயிலில் விமானம் விடுகிறவனைப் பார்த்தால் அவர் மூக்கு சுருங்கிய சுருக்கிலேயே நின்றுவிடும்.

அந்த மூக்குக்கு வேலை வைக்க வந்து சேர்ந்தார் சகலை.

மனைவியின் தங்கையைக் கட்டியவர், பல் டாக்டர். எப்போதும் சிரித்த முகம். தன் பல்லைக் காட்டியே தொழிலுக்கு விளம்பரம் தேடுகிற மனுஷன் என்று கண்ணாடிக்கடைக்காரர் அவரைப் பற்றி வைத்திருந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து 'அண்ணே, அண்ணே' என்று சுற்றிவருவார். இவர் ம், ஆமா, அப்படியா என்ற மூன்று வார்த்தையில் அவரைக் கரைசேர்த்துவிடுவார். டாக்டரின் குற்றங்களில் பெரிய குற்றம் ஒன்று உண்டு: அவர் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடி. சொந்தச் சகலை கண்ணாடிக்கடை வைத்திருக்க, எங்கோ வெளியூரில் வாங்கியது.

ஒரு நாள் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் டாக்டர் குஷியாக அறிவித்தார். "அண்ணே, நானும் ஒரு ப்ளேன் வாங்கிட்டேன்."

"அப்படியா."

"ஜெட்டுண்ணே! பேட்டரி ஜெட். என்னா சத்தம் தெரியுமா? ரிமோட்டே ஒரு லேப்டாப் கனம் இருக்கு."

ரிமோட்! டிவிக்கு இருப்பது ரிமோட். கையில் பிடித்து விமானத்தை ஓட்டுவது டிரான்ஸ்மிட்டர். திருத்தினால் பேச்சு வளர்ந்துவிடும் என்று கண்ணாடிக்கடைக்காரர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேர்ந்து போகலாம்ணே. க்ளினிக் மதியம்தான் மூடுவேன், அப்புறம் ஃப்ரீ."

"மதியமா? இந்த வெயில்லயா?"

"வெயில் நல்லதுதானே, பளிச்சுன்னு தெரியும்!"

மூக்கு சுருங்கியது. எதிரில் உட்கார்ந்திருந்த மனைவி அதைப் படித்தாள். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள். "என் தங்கச்சி ஆசையா கூப்பிடுறா. மூஞ்சியை இப்படி வச்சுக்காம வாங்க. சும்மா நின்னாக்கூட போதும்."

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை, நாய்கூட நிழலை விட்டு வெளியே வராத நேரத்தில், இரண்டு கார்கள் அந்த மனைவெளியில் போய் நின்றன. தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. தூரத்து மின்கம்பங்கள் தண்ணீருக்குள் நிற்பதுபோல நெளிந்தன. அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு குடையைப் பிடித்துக்கொண்டு, மனைவிற்பனைக்காகக் கட்டிய அரைகுறை வளைவின் நிழலில் ஒதுங்கிக்கொண்டார்கள்.

டாக்டர் டிக்கியைத் திறந்தார். கூடாரம் ஒன்று வந்தது. டம்ளர் வைக்க ஓட்டை போட்ட மடக்கு நாற்காலி வந்தது. பேட்டரியில் ஓடும் கைவிசிறி வந்தது. ஒரு மாமாங்கம் கழித்து, சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டை அடித்த ஜெட் வந்தது. கண்ணாடிக்கடைக்காரர் அதைச் சுற்றி ஒரு நடை வந்தார். இதில் கட்டுகிறவனுக்கு ஒரு வேலையும் இல்லை, எல்லாம் பெட்டியிலேயே வந்துவிட்டது என்று மனசுக்குள் எழுதிக்கொண்டார்.

"பேட்டரி எங்கே?" என்று கேட்டார், ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

"பின்சீட்டுக்குப் பின்னாடி பலகை மேல இருக்குண்ணே, கண்ணாடிகிட்ட. கொஞ்சம் எடுத்துத் தர்றீங்களா?"

காலையிலிருந்து க்ளினிக் வாசலில் வெயிலில் நின்ற கார். பின்கண்ணாடிக்குக் கீழே, பலகைமேல், சூரியனுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு பேட்டரி கிடந்தது. தொட்டதும் கை சுட்டது. செங்கல் மாதிரித் தட்டையாக இருக்கவேண்டியது, நடுவில் குட்டித் தலையணை போல உப்பியிருந்தது. கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினார். மெத்தென்று உள்ளே போய், மெதுவாக எழும்பி வந்தது.

இதைத் தூக்கி எறிய வேண்டும். விமானத்தில் மாட்டவே கூடாது. அது அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். சொல்லத்தான் திரும்பினார்.

"என்னண்ணே, உங்க ப்ளேனும் எடுத்துட்டு வந்திருக்கீங்க போல! அது இன்னும் பறக்குதா?" என்று டாக்டர் அப்போதுதான் கேட்டார். கேலி ஒன்றும் இல்லை, வெள்ளந்தியாகக் கேட்ட கேள்வி. ஆனால் கேட்ட காது கண்ணாடிக்கடைக்காரருடையது.

திறந்த வாய் மூடிக்கொண்டது. விழட்டும் என்று நினைத்தார். பாதியில் சக்தி போய் முட்புதரில் சொருகட்டும். தெர்மோகோல்தானே, யார் தலையும் உடையப்போவதில்லை. பணத்தைக் கொட்டி வாங்கினால் வித்தை வந்துவிடாது என்று ஒருதரம் தெரிந்தால் ஆளுக்கே நல்லது. இத்தனை நியாயமும் நாலு எட்டு நடப்பதற்குள் அவருக்குக் கிடைத்துவிட்டது. மாமியார் வீட்டில் புன்னகைக்கிற மாதிரி ஒரு புன்னகையோடு பேட்டரியை நீட்டினார்.

"இந்தாங்க."

ஜெட் கிளம்பியது. பல் துளைக்கிற மெஷின் நூறு சேர்ந்து கத்தியதுபோலச் சத்தம். நடுரோட்டில் கோணல்மாணலாக ஓடி, எழும்பி, வெயிலுக்குள் பாய்ந்தது. இதோ விழும் என்று கண்ணாடிக்கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். விழவில்லை. வளைவில் சாய்ந்தது, இதோ என்று நினைத்தார், நிமிர்ந்துகொண்டது. ஒரு குட்டிக்கரணம் அடித்தது. தங்கை குடையைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினாள். அக்காவும் தட்டினாள். அதுதான் அவருக்கு உறைத்தது. கடைசியில் குதித்துக் குதித்து, தவளை மாதிரி, ஆனால் ஒரு கீறலும் இல்லாமல் இறங்கி நின்றது.

"எப்படிண்ணே?"

"ம்."

டாக்டர் பேட்டரியைக் கழற்றி, "அம்மாடி, கொதிக்குதே!" என்று கை மாற்றிக் கை பிடித்துக்கொண்டு ஓடி, பின்சீட்டில் கிடந்த துணிப்பையில் போட்டார்; ஜெட்டை டிக்கியில் வைத்துவிட்டு வந்தார். இதையும் கண்ணாடிக்கடைக்காரர் பார்த்தார். ஆனால் அவர் புத்தி அப்போது பேட்டரியில் இல்லை. கைதட்டலில் இருந்தது.

எந்தக் கோடையிலும் மீறாத தன் கண்டிப்பை அவர் அன்றைக்கு மீறினார். காரிலிருந்து கிளைடரை எடுத்தார்.

"வேண்டாங்க, வெயிலு" என்றாள் மனைவி.

"பறக்கிறதுன்னா என்னன்னு ஒருதரம் பார்த்துக்கட்டும்."

கையால் வீசினார். மோட்டார் முனகி மேலே இழுத்தது. நிறுத்தினார். சத்தமே இல்லாமல் வெள்ளை இறக்கை காற்றில் சாய்ந்து நின்றது. காய்ந்த தரையிலிருந்து சூடான காற்று தூண் மாதிரி மேலே எழும்பிக்கொண்டிருந்தது. அதைத் தெர்மல் என்பார்கள். பருந்துகள் இறக்கை அசைக்காமல் வட்டமிடுவது அதில்தான். கிளைடர் அதற்குள் நுழைந்ததும் யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல ஏறத் தொடங்கியது.

"மோட்டார் ஓடுதாண்ணே?" என்று டாக்டர் வாய்பிளந்தார்.

"இல்ல."

"அப்புறம் எப்படி ஏறுது?"

"ஓட்டத் தெரிஞ்சா ஏறும்."

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லக் கிடைத்த சுகத்தில் இன்னும் ஒரு வட்டம், இன்னும் ஒரு வட்டம் என்று ஏற்றிக்கொண்டே போனார். குண்டூசித் தலை அளவு ஆயிற்று. "போதும், இறக்குங்க" என்று மனைவி குரல் கொடுத்தாள். இறக்குவது எதற்கு, டாக்டர் இன்னும் வாயை மூடவில்லையே. அப்போது நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை கண்ணாடிக்குப் பின்னால் இறங்கி, நேராகக் கண்ணுக்குள் விழுந்தது. தீயாக எரிந்தது. கண்ணாடியைத் தூக்கி, சட்டைக்கையால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

வானம் வெளுத்துக்கிடந்தது. அதில் எதுவுமே இல்லை.

வெள்ளை வானத்தில் வெள்ளை விமானம். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை சரிபார்த்துக் கொடுத்தவர், டிரான்ஸ்மிட்டரை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு, தலையை நாலு திசையும் திருப்பினார். எங்கேயாவது ஒரு மினுக்கு, ஒரு நிழல், ஒன்றும் கிடையாது.

"அதோ மாமா, அங்கே!" என்று தங்கை கத்தினாள்.

"அது பருந்து."

டாக்டர் ஓடிவந்தார். தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். "இதைப் போட்டுப் பாருங்கண்ணே. கூசாது, பளிச்சுன்னு தெரியும்."

அந்தக் கணத்தில் பூமி பிளந்து தன்னை விழுங்கினால் டாக்டரையும் சேர்த்து விழுங்கட்டும் என்றிருந்தது கண்ணாடிக்கடைக்காரருக்கு. வாங்கவில்லை.

"காத்து அந்தப் பக்கம்தானே அடிக்குது? வாங்க, என் வண்டியில தேடலாம்" என்று டாக்டர் விடாமல் கையைப் பிடித்து இழுத்தார். தன் காரிலேயே போவதாக இவர் சொன்னதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பெண்கள் இருவரும் நிழலிலேயே இருக்க, டிரான்ஸ்மிட்டரை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்கடைக்காரர் முன்சீட்டில் ஏறினார். ஏசி சில்லென்று முகத்தில் அடித்தது.

புழுதிப்பாதையில் கார் ஊர்ந்தது. டாக்டர் ஒரு கண்ணைப் பாதையிலும் ஒரு கண்ணை வானத்திலும் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே வந்தார்.

"கிடைச்சிடும்ணே, கவலைப்படாதீங்க. என்ன அழகா இருந்துச்சு தெரியுமா? என்னோடது வெறும் சத்தம். உங்களோடது பறவைண்ணே."

"ம்."

"ஒண்ணு சொல்லட்டுமா? எனக்கு ப்ளேன் மேல எல்லாம் பெரிய ஆசை கிடையாது. நீங்க என்கிட்ட பேசவே மாட்டேங்கிறீங்க. சரி, இவருக்குப் பிடிச்சதை நாமளும் வாங்குவோம், அப்பவாவது ரெண்டு வார்த்தை திட்டுறதுக்காவது வாயைத் திறப்பார்னு நினைச்சேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

இதற்கு ம் என்று சொல்ல முடியவில்லை. ஆமா என்றோ அப்படியா என்றோவும் சொல்ல முடியவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. தித்திப்பாக, நகப்பூச்சை அழிக்கிற திரவம் மாதிரி. கேள்விப்பட்டிருக்கிறார், முகர்ந்ததில்லை. பேட்டரி வாய் பிளந்தால் வரும் வாசனை.

"வண்டியை நிறுத்துங்க."

"பார்த்துட்டீங்களா?"

"நிறுத்துய்யா! இறங்கு!"

நல்லவேளை, டாக்டர் குரலுக்குக் கட்டுப்பட்டார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் குதித்தார்கள். பின்சீட்டுப் பையிலிருந்து குக்கர் விசில் மாதிரி ஒரு சீறல். வெள்ளைப் புகை கண்ணாடிகளை அடைத்தது. அதைப் பார்த்துவிட்டு ஓடவேண்டிய டாக்டர், "ஐயோ என் பை!" என்று பின்கதவைத் திறந்து கையை விட்டார். அதே நேரம் பை தீப்பிடித்தது. கண்ணாடிக்கடைக்காரர் சுற்றி ஓடிவந்து, அவர் பெல்ட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். இருவரும் புழுதியில் மல்லாக்க விழுந்தார்கள். டாக்டர் வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார். விரல்கள் வெந்து சிவந்திருந்தன. பல்லுக்குள் மயிரிழை அளவு ஊசி நுழைக்கிற விரல்கள்.

சீட் எரிந்தது. கூரைத்துணி எரிந்து சொட்டியது. கண்ணாடிக்கடைக்காரர் கிறுக்குப் பிடித்தவர் மாதிரி இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அள்ளி வீசினார். அந்தப் பாதையில் வந்த தண்ணீர் லாரிக்காரர்தான் இறங்கி, குழாயை இழுத்து, சாவகாசமாக அணைத்தார். எரிந்த காரையும், டிக்கிக்குள் உருகிப்போன சிவப்பு மஞ்சளையும், புழுதியில் கிடந்த டிரான்ஸ்மிட்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னது இது?"

"ப்ளேன்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"பொம்மையா?" லாரிக்காரர் இருவரின் நரையையும் ஒருமுறை பார்த்தார். "வீட்டுல பெரியவங்க யாரும் இல்லையா?"

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு முடிப்பதற்குள் கதை வேறாக மாறியிருந்தது. வலிக்கு ஊசி போட்டிருந்த மயக்கத்திலும் டாக்டர் வருகிற நர்ஸிடமெல்லாம் சொன்னார். "எங்க அண்ணன்தான் காப்பாத்தினார். வாசனையை வச்சே கண்டுபிடிச்சிட்டார். அவர் மட்டும் இல்லேன்னா நான் கரிக்கட்டை." தங்கை வராந்தாவில் கண்ணாடிக்கடைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "மாமா, நீங்க தெய்வம் மாமா." அவர் சுவரில் ஒட்டியிருந்த, கை கழுவும் முறையைக் காட்டும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுகிறபோது அவள் கேட்டாள். "அந்தப் பேட்டரியை எடுத்துக் கொடுத்தீங்கல்ல, அதுக்கு முன்னாடி அமுக்கிப் பார்த்தீங்களே, எதுக்கு?"

"சும்மா."

"அமுக்கிட்டு, ஒரு சிரிப்போட கொண்டுபோய்க் கொடுத்தீங்க. வளைவுல இருந்து பார்த்தேன். உங்க மூக்கு எனக்குத் தெரியாதா?"

அவர் கழற்றிய செருப்பை நேராக்கி வைத்தார்.

"நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லவா? என் தங்கச்சி உங்களைத் தெய்வம்ங்கிறா. கேட்க எனக்குக் கூசுது."

மறுநாள் போனார். டாக்டர் சோபாவில் கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவரைக் கண்டதும் முகம் மலர்ந்தது. கண்ணாடிக்கடைக்காரர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். உப்பியிருந்தது தெரியும் என்று சொன்னார். மாட்டக்கூடாது என்று தெரியும், விழட்டும் என்றுதான் கொடுத்தேன், சூட்டோடு நீங்கள் பைக்குள் போட்டதையும் பார்த்தேன் என்றார். சுருக்கமாகச் சொன்னார், வாய் ஒருபக்கம் இழுத்துக்கொண்டது.

டாக்டர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. அது இல்லாத முகத்தை இவர் முதல்முறையாகப் பார்த்தார். கொஞ்சம் வயசான, சாதாரண முகம்.

"நான் விழுந்து அசிங்கப்படணும்னு நினைச்சீங்க."

"ஆமா."

"வேற ஒண்ணும் காரணம் இல்லையே? நான் ஏதாவது தப்பா பேசிட்டேனா, செஞ்சுட்டேனா?"

யோசித்துப் பார்த்தார். "இல்ல."

டாக்டர் கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களைப் பெரிய ஆளுன்னு நினைச்சேன்ணே. கர்வம், சரி, விஷயம் தெரிஞ்சவருக்கு இருக்கத்தானே செய்யும்னு நினைச்சேன். இது கர்வம்கூட இல்லண்ணே." சரியான வார்த்தைக்குத் தேடினார். "அல்பம்."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். ஊரில் அத்தனை பேரையும் ஒரு சுருக்கத்தில் எடைபோட்டவரை, எப்போதும் சிரிக்கிற மனுஷன் ஒரே சொல்லில் எடைபோட்டுத் தட்டிலிருந்து இறக்கி வைத்துவிட்டார். எடையில் பிழையும் இல்லை. கண்ணாடிக்கடைக்காரர் படியிறங்கிப் போனார்.

அன்று சாயங்காலமே மனைவி தீர்ப்பு எழுதிவிட்டாள். டாக்டரிடம் வண்டி இல்லை, கையும் இல்லை. க்ளினிக்கில் அவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்து உதவி டாக்டரை வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டும். கொண்டுபோய் விட, கூட்டிவர ஒரு ஆள் வேண்டும். "காலையில நீங்க போங்க. சாயங்காலமும் நீங்களே போங்க" என்றாள். மறுபேச்சுப் பேசாமல் போனார். டாக்டர் பின்சீட்டில் ஏறிக்கொள்வார். போனைப் பார்த்துக்கொண்டே வருவார். இறங்கும்போது கதவை மெதுவாகச் சாத்துவார். கண்ணாடிக்கடைக்காரர் ஏசியைக் குறைக்கட்டுமா என்று கேட்பார், பதில் வராது. 'இன்னிக்குக் கட்டு மாத்தணுமா' என்று கேட்பார், 'ம்' என்று வரும். அந்த ம் எப்படி இருக்கும் என்று இத்தனை வருஷமாக அவருக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

கிளைடரைத் தேடிப் போகவில்லை. யார் வீட்டு மொட்டைமாடியிலாவது கிடந்து காய்கிறதோ, மரத்தில் சொருகியிருக்கிறதோ. கேட்டவர்களிடம் காணாமல் போய்விட்டது என்று மட்டும் சொன்னார்.

மழை வந்து, வெயில் தணிந்து, டாக்டரின் விரல்களில் புதுத்தோல் வந்தது. கொஞ்சம் விறைப்பு, ஆனால் ஊசி பிடிக்க வந்துவிட்டது. இன்ஷூரன்ஸ் இழுத்தடித்துக் கடைசியில் புதுக் காரும் வந்தது. அன்று காலை வழக்கம்போலக் கூட்டிப்போகப் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். கார் பச்சை நிறம். இலைப்பச்சையும் இல்லை, பாசிப்பச்சையும் இல்லை, மருந்து சீசாவில் காலாவதியான டானிக் மாதிரி ஒரு பச்சை.

டாக்டர் சாவியைச் சுழற்றிக்கொண்டு வெளியே வந்தார். இவரைப் பார்த்தார். கொஞ்சம் தயங்கினார்.

"இனிமே நீங்க வர வேண்டாம்ணே. நானே ஓட்டிக்குவேன்." பிறகு, பழக்கதோஷம், விட முடியவில்லை. "எப்படி இருக்கு?"

மூக்கு சுருங்கியது. அதை என்ன செய்தாலும் நிறுத்த முடியாது. ம் என்று சொல்லிவிட்டுப் போகலாம், நல்லா இருக்கு என்று பொய் சொல்லலாம், இரண்டும் எளிது. கண்ணாடிக்கடைக்காரர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"கலர் சகிக்கல. கடைக்காரன் தலையில கட்டிட்டான் உங்களுக்கு" என்றார். "அப்புறம், பின்னாடி இடதுபக்க டயர்ல காத்து கம்மியா இருக்கு. எடுக்கிறதுக்கு முன்னாடி அதைப் பாருங்க."

டாக்டர் அவரை ஒரு நொடி உற்றுப் பார்த்தார். பிறகு சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, பின்பக்கம் போய்க் குனிந்து, டயரை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

காற்று குறைவாகத்தான் இருந்தது.